சங்கிலிபூதத்தான் கட்டுன ஜீரோ கார்பன் வீடு

மெயின் ரோட்டுல இருந்து ஒத்தப்பனைக்குறிச்சி பிரியுற விலக்குல ஒரு போர்டு நட்டிருக்கும். ‘பேருந்து நிற்கும் இடம்’னு அதுல எழுதியிருக்கும். அந்த ஊர்க்காரங்க அதைப் படிச்சாங்க. சரி, இது பஸ்ஸு நிக்கிற இடம், நாம நிக்கிற இடம் இல்லன்னு முடிவு பண்ணி, நூறடி தள்ளி ஒரு வேப்பமரத்தடியில போயி நின்னாங்க. பஸ்ஸு வரும். போர்டுகிட்ட நிக்கும். ஆளில்லன்னு கிளம்பிப் போயிரும். இவங்க மரத்தடியில இருந்தே கையெடுத்துக் கும்பிடுவாங்க. “சொன்ன இடத்துல சொன்னபடி நிக்கான் பாரு, அவன் டிரைவரு”ன்னு பாராட்டிட்டு நடந்தே கோவில்பட்டிக்குப் போவாங்க.

நல்ல ஜனங்க. ஒரு சொல்லு சொன்னா அதைக் கூட்ட மாட்டாங்க, கொறைக்க மாட்டாங்க. வேலையைச் சொல்றவங்கதான் கொஞ்சம் யோசிச்சுச் சொல்லணும்.

அந்த ஊர்ல சைக்கிள் கடை வச்சிருந்தவன் சங்கிலிபூதத்தான். வயசு முப்பத்தெட்டு. பதினோரு எடத்துல பொண்ணு பாத்து பதினோரு எடத்துலயும் காப்பி குடிச்சிட்டு வந்தவன். பன்னெண்டாவதா கோவில்பட்டியில செண்பகவல்லியைப் பாக்கப் போனான். தையல் சொல்லிக் குடுக்கிற பொண்ணு. சின்ன வயசுல இருந்தே இழுப்பு. வெறகடுப்புப் புகை கொஞ்சம் மூக்குல ஏறுனாப் போதும், நெஞ்சுல ஆர்மோனியம் வாசிக்க ஆரம்பிச்சிரும்.

பூதத்தான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தான். பொண்ணுதான் பேசிச்சு.

“எனக்கு உங்க நிறமும் வேண்டாம், உசரமும் வேண்டாம். புகையே இல்லாத ஒரு வீடு வேணும். ஆவணி பத்தாம் தேதி எங்க ஆளுங்களோட வேன்ல வருவேன். வீட்டுல நின்னு பத்து மூச்சு இழுத்துப் பாப்பேன். இழுப்பு வரலன்னா அன்னைக்கே உங்க ஊரு அம்மன் கோயில்ல தாலி. வந்துச்சுன்னா வந்த வேன்லயே திரும்பிருவேன். சரியா?”

பூதத்தான் தலையை ஆட்டுனான். அப்பதான் முதல் தடவையா நிமுந்து பாத்தான். பாத்ததோட சரி, காப்பியைக் குடிக்க மறந்துட்டான். வெளிய வந்து சட்டைப்பையில இருந்த பீடிக்கட்டை சாக்கடையில போட்டான். முப்பத்தெட்டு வருஷத்துல ஒருத்தனுக்கு இப்பத்தான் நெஞ்சுக்குள்ள வெளிச்சம் வந்திருக்கு. அதை அணைய விடலாமா?

*

நாகர்கோவில்ல ரோஸ்லின் மேடம்னு ஒரு இன்ஜினியர். மண்ணுல வீடு கட்டுவாங்க, வெயில்ல கரண்டு எடுப்பாங்க. ஜீரோ கார்பன் வீடுன்னு பேரு. கட்டும்போதும் புகை கெளம்பக்கூடாது, குடியிருக்கும்போதும் புகை கெளம்பக்கூடாது. பூதத்தான் போயி காலைத் தொடாத குறையா கேட்டதும் சித்திரை மாசம் அவங்களே வந்து எடத்தைப் பாத்தாங்க. முப்பதுக்கு இருபது அடியில சுண்ணாம்புக் கோடு போட்டுக் குடுத்தாங்க.

வேலைக்கு மூணு பேரு தயாரா நின்னாங்க. முதல்ல ஆவுடையப்பன் கொத்தனாரு. ஊர்லயே மூத்த கொத்தனாரு, ஊர்ல வேற கொத்தனாரு கிடையாது. அடுத்தது மரியசெல்வம், கரண்டு வேலை. ஒரு தடவை ஷாக்கடிச்சு மூணு நாளு படுத்திருந்ததால கரண்டைப் பத்தி அனுபவம் உள்ள ஆளுன்னு பேரு. மூணாவது பிச்சைக்கண்ணு, மண்ணு சொமக்க. இவன்தான் நடுவுல நடுவுல சந்தேகம் கேப்பான்.

“நல்லாக் கேட்டுக்கோங்க அண்ணாச்சி,” அப்படின்னாங்க மேடம். “லாரியில மண்ணு கொண்டாரக்கூடாது. லாரி ஓடுனாலே புகைதான். செங்கல்லுக்கு வேண்டிய மண்ணைப் பக்கத்துலயே எடுங்க. எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. வீடு இந்தக் கோட்டுக்குள்ளதான் வரணும். ஒரு அடி அந்தண்ட போகக்கூடாது. மண்ணுச் செங்கலைச் சூளையில வேக வைக்காதீங்க, வெயில்ல காய வைங்க. எனக்கு பெங்களூர்ல நாலு மாசம் பயிற்சி இருக்கு. ஏதாவதுன்னா போன் போடுங்க.”

“நீங்க கவலப்படாமப் போங்க தாயி,” அப்படின்னாரு கொத்தனாரு.

மேடம் கவலப்படாமப் போனாங்க. அதுதான் அவங்க செஞ்ச தப்பு.

*

மறுநாள் காலையில நாலு பேரும் மம்பட்டியோட நின்னாங்க.

“கம்மாயில எடுப்பமா?” பூதத்தான் கேட்டான்.

“கம்மாய் அரை மைலு. பக்கமா அது?” கொத்தனாரு கோவப்பட்டாரு.

“அப்ப அந்தப் புளியமரத்துக்கிட்ட.”

“அது நூறடி.”

“இந்த வேலிக்கிட்ட, இருபதடிதான்.”

“எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லதுன்னு அந்தப் புள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போயிருக்கு. இருபதடியை விடப் பக்கமா எடமே இல்லையாலே?”

நாலு பேரும் சுத்திச் சுத்திப் பாத்தாங்க. கடைசியில பிச்சைக்கண்ணுதான் குனிஞ்சு பாத்தான். “அண்ணாச்சி, வீடு வரப்போற எடத்துலயே மண்ணு இருக்கு!”

கொத்தனாரு அவனைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டாரு. “லே, இதை விடப் பக்கம் உலகத்துல கிடையாதுலே!”

தோண்டுனாங்க. கோட்டுக்குள்ள மட்டும் தோண்டுனாங்க. பத்தடி உசர வீட்டுக்கு மண்ணு பத்தாமப் போயிரக் கூடாதேன்னு பத்தடி ஆழம் தோண்டுனாங்க. மண்ணு மேல மலை மாதிரி குமிஞ்சிருச்சு. செங்கலா அறுத்து வெயில்ல காயப் போட்டாங்க. அரும்பாடுதான். சித்திரை போயி வைகாசி பாதி வந்துருச்சு.

செங்கல்லு ரெடி. கட்டலாம்னு பாத்தா, கோடு போட்ட எடத்துல குழிதான் கெடக்கு.

“அண்ணாச்சி, ஒரு சந்தேகம்,” அப்படின்னான் பிச்சைக்கண்ணு. “குழிக்குப் பக்கத்துல கட்டுனா என்ன?”

“கோட்டை விட்டு ஒரு அடி அந்தண்ட போகக்கூடாதுன்னு சொன்னாங்களா, இல்லையா?”

“சொன்னாங்க.”

“கோடு எங்கன இருந்துச்சு?”

“இங்கனதான், இந்த அந்தரத்துல.”

“அப்ப எறங்குலே.”

எறங்குனாங்க. குழிக்குள்ள கட்டுனாங்க. ஆனி மாசம் பத்தடி வீடு எந்திரிச்சது. பத்தடிக் குழிக்குள்ள பத்தடி வீடு. கூரைக்குப் பனங்கட்டையைப் பரத்தி மண்ணு போட்டு மெழுகினதும் அது தரையோட தரையா சமமா நின்னுச்சு. ரசமட்டம் வச்சுப் பாத்தாக்கூட நூல் பிசகல. அந்தப் பக்கமாப் போன ஆடு ரெண்டு கூரை மேல நின்னு புல்லு தேடிட்டுப் போச்சு.

வாஸ்துப்படி கெழக்கு வாசல். கதவைத் தொறந்தா மண்ணு. எதிரெதிரா ரெண்டு சன்னல். சன்னலைத் தொறந்தாலும் மண்ணு.

“வெளிய இருந்து தூசியே உள்ள வராது,” அப்படின்னு கொத்தனாரு காட்டுனாரு.

“வெளிய இருந்து நாம எப்படி உள்ள போறது?” அப்படின்னான் பூதத்தான்.

கூரையில ஒரு ஓட்டை போட்டு ஏணி வச்சாங்க. பூதத்தான் எறங்கி உள்ள நின்னான். இருட்டா இருந்துச்சு. ஆனா ஆனி மாச வெயில்ல உள்ள சில்லுன்னு இருந்துச்சு. கண்ணை மூடுனான். செண்பகவல்லி மெஷின்ல உக்காந்து தச்சுக்கிட்டிருக்கிற மாதிரியும், ஒரு இருமல்கூட இல்லாத மாதிரியும் தோணுச்சு. கண்ணைத் தொறந்தான். கண்ணை மூடுனதுக்கும் தொறந்ததுக்கும் வித்தியாசம் தெரியல. இருந்தாலும் சந்தோசமா இருந்தான்.

*

வெயில்ல இருந்து கரண்டு எடுக்கிற பேனல் வந்துச்சு. மேடம் போன்ல மரியசெல்வத்துக்குப் பாடம் எடுத்தாங்க.

“மரியசெல்வம், பேனல் மேல நிழலே விழக்கூடாது. ஒரு மூலையில காக்கா நிழல் விழுந்தாலும் கரண்டு கொறையும். புரியுதா?”

“புரியுது மேடம்.”

மரியசெல்வம் ஒரு கம்பை எடுத்துக்கிட்டு பேனல் பக்கத்துல காவலுக்கு நின்னான். ஒரு காக்காகூட வரல. ஆனா பேனல் மேல பெருசா ஒரு நிழல் கெடந்துச்சு.

“இது எதுடா?” அப்படின்னான் பயந்துபோயி.

“ஒன் நிழலுதான்,” அப்படின்னான் பிச்சைக்கண்ணு.

“அடிச்சு வெரட்டு அதை.”

பிச்சைக்கண்ணு வெரட்ட வந்தான். இப்ப ரெண்டு நிழலு. பூதத்தான் வந்தான், மூணு. கொத்தனாரு என்ன சத்தம்னு பாக்க வந்தாரு. நாலு நிழல்ல பேனல் பாதி மறைஞ்சு போச்சு. அப்பதான் பெரிய ஆலோசனை நடந்துச்சு.

“நிழலு எதனால வருது?”

“வெயிலால வருது.”

“வெயிலு வரலன்னா?”

“நிழலு வராது.”

“அப்ப வெயிலைத் தடுக்கணும்லே! நோயை விட்டுட்டு நோயாளியை அடிச்சுக்கிட்டு இருக்கீங்க!”

பனையோலை வெட்டியாந்து பேனலுக்கு மேல கெட்டியா ஒரு பந்தல் போட்டாங்க. சொட்டு வெயிலு உள்ள வரல. நாலு பேரும் பந்தலுக்குள்ள குனிஞ்சு மணிக்கணக்கா தேடிப் பாத்தாங்க. காக்கா நிழலு இல்ல, கம்பு நிழலு இல்ல, ஆளு நிழலு இல்ல.

மரியசெல்வம் சுவிட்சைப் போட்டான். பல்பு எரியல.

“புது எடம்லா,” அப்படின்னான். “கூச்சப்படும்.”

மேடத்துக்குப் போன் போட்டான். “நிழலே இல்ல மேடம். சுத்தமா இல்ல.”

“சூப்பர் மரியசெல்வம்! கரண்டு ஆபீஸ் மீட்டர் எவ்வளவு காட்டுது? பூஜ்யம் காட்டுச்சுன்னா ஜெயிச்சோம். வெளி கரண்டு ஒரு யூனிட்டுகூட எடுக்கலன்னு அர்த்தம்.”

மரியசெல்வம் மீட்டரைப் பாத்தான். துள்ளிக் குதிச்சான். “பூஜ்யம் மேடம்! எல்லா எடத்துலயும் பூஜ்யம்!”

அன்னைக்கு சாயங்காலம் ஊருக்கே சவ்வு மிட்டாய் குடுத்தாங்க.

*

இதோட விட்டிருந்தா ஏதோ ஒரு வீடு மிஞ்சியிருக்கும். கொத்தனாருக்குத்தான் மனசு கேக்கல. மேல அவ்வளவு மண்ணு மிச்சம் கெடக்கு. வேஸ்டு பண்ணா புகையில்லாத வீட்டுக்கு அழகா? அவரே மேடத்துக்குப் போன் போட்டாரு.

“தாயி, செவுரு ஒரு அடி தடிமன் வச்சிருக்கேன். போதுமா?”

“ஒரு அடி நல்லது அண்ணாச்சி. செவுரு தடிமன் கூடக் கூட வீடு குளுகுளுன்னு இருக்கும். கிளாஸுக்குக் கூப்பிடுறாங்க, வச்சிரட்டா?”

வச்சிட்டாங்க. கொத்தனாரு மத்த மூணு பேரு பக்கம் திரும்புனாரு.

“தடிமன் கூடக் கூட குளுகுளுன்னு இருக்குமாம்.”

வெளிப்பக்கம் தடிமன் ஏத்த முடியாது, குழி முட்டும். அதனால உள்பக்கமா ஏத்துனாங்க. ரெண்டடி ஆச்சு, மூணடி ஆச்சு. பூதத்தானை உள்ள எறக்கி கேட்டாங்க.

“எப்படிலே இருக்கு?”

“குளுகுளுன்னு இருக்கு!”

அஞ்சடி ஆச்சு. எட்டடி ஆச்சு. ஆடி மாசக் கடைசியில உள்ள ஒரு கட்டில் போடுற அகலம்தான் மிச்சம். பூதத்தானுக்குக் கொஞ்சம் கவலை.

“அண்ணாச்சி, கல்யாணத்துக்கு அப்பறம் நாங்க ரெண்டு பேரு.”

“ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உள்ள இருக்கணும்னு யாரு சொன்னா? ஒருத்தர் மேல, ஒருத்தர் உள்ள.”

“மாத்தி மாத்தியா?”

“மாத்தி மாத்தி.”

அது பூதத்தானுக்கு நியாயமாப் பட்டுச்சு. ஒன்பது அடியில அவனை நட்டுக்க வச்சாங்க. கைய விரிக்க முடியல. அப்பதான் அவன் ஓட்டை வழியா மேல பாத்து, அழுகிற குரல்ல சொன்னான். “அண்ணாச்சி, குளுகுளுன்னுதான் இருக்கு. ஆனா நான் இருக்க எடமில்ல.”

மேல நின்ன மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. விசயம் பெருசு. கொத்தனாரு மோவாயைத் தடவிக்கிட்டே கேட்டாரு.

“மேடம் என்ன சொன்னாங்க, வீடு குளுகுளுன்னு இருக்கும்னா, நீ குளுகுளுன்னு இருப்பேன்னா?”

“வீடு.”

“அப்ப நீ மேல வா.”

வந்துட்டான். பிச்சைக்கண்ணு கடைசியா ஒரு தடவை எறங்கி, முன் கதவை உள்பக்கமா பூட்டிட்டு வந்தான்.

“சாவி?”

“பத்திரமா உள்ள ஆணியில மாட்டியிருக்கேன்.”

மிச்ச எடத்தையும் மண்ணைப் போட்டு, தண்ணி தெளிச்சு, திமுசு போட்டு இடிச்சாங்க. மேல குமிஞ்சிருந்த மண்ணும் தீந்துச்சு, உள்ள இருந்த எடமும் தீந்துச்சு. ரெண்டும் ஒரே நாள்ல. ஒரு கூடை மண்ணு கூடல, ஒரு கூடை கொறையல. ஆவுடையப்பன் கொத்தனாரு அளவுன்னா அளவுதான்.

*

ஆவணி பத்து. வேன் வந்துச்சு. நாப்பது பேரு எறங்குனாங்க. முன்னாடி செண்பகவல்லி, பட்டுச்சேலையில. பக்கத்துல தாய்மாமா குருசாமி. சடங்குல ஒரு வெத்தல கொறஞ்சாலும் முகூர்த்தத்தையே நிறுத்திருவாருன்னு பேரெடுத்த மனுசன். பெங்களூர்ல இருந்து நேரா ரோஸ்லின் மேடமும் வந்து சேந்துட்டாங்க, கையில ஒரு பரிசோதனைத் தாளோட.

பூதத்தான் வேட்டி சட்டையில நின்னான். அவன் பின்னாடி பொட்டல். பொட்டல்ல ஒரு பனையோலைப் பந்தல், ஒரு மீட்டர் கம்பம். வேற ஒண்ணும் இல்ல.

“வீடு எங்க?” அப்படின்னா செண்பகவல்லி.

“நீங்க நிக்கீங்க,” அப்படின்னான் பூதத்தான்.

“நிக்கிறேன். எங்க நிக்கிறேன்?”

“வீட்டு மேல.”

செண்பகவல்லி குனிஞ்சு பாத்தா. செருப்பால ரெண்டு தட்டு தட்டிப் பாத்தா. குருசாமியும் தட்டிப் பாத்தாரு. மேடம் கொத்தனாரைத் தனியா இழுத்துக்கிட்டுப் போனாங்க.

“அண்ணாச்சி! என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?”

“நீங்க சொன்னதைத்தான் தாயி. ஒரு எழுத்து விடல. தாளை எடுத்து வாசிங்க.”

மேடம் வாசிச்சாங்க. “சிமெண்டு எத்தனை மூட்டை?”

“ஒரு மூட்டைகூட இல்ல.”

“சூளை வச்சீங்களா?”

“பொறி பறக்கல.”

“லாரி?”

“சைக்கிள்கூட ஓடல.”

“வெளியில இருந்து எடுத்த கரண்டு?”

“பூஜ்யம். கம்பத்துல நீங்களே பாருங்க.”

“வீட்டுக்குள்ள இருக்கிற சூடு?”

“வெயிலு எட்டவே எட்டாது.”

மேடம் எல்லாத்துலயும் சரின்னு குறி போட்டாங்க. வேற வழியில்ல, எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. முப்பத்தாறு கேள்வி இருந்துச்சு. ‘வீடு இருக்கா?’ன்னு ஒரு கேள்வி எங்கயும் இல்ல. நூத்துக்கு நூறுன்னு போட்டு கையெழுத்து வச்சாங்க. வச்சிட்டு அந்தக் கையையே பாத்துக்கிட்டு நின்னாங்க.

குருசாமி அந்தத் தாளை வாங்கிப் பாத்தாரு. “நூத்துக்கு நூறு! எங்க தெருவுல எந்த வீட்டுக்காவது மார்க்கு இருக்கா?” அப்படின்னு தன் ஆளுங்களைப் பாத்துக் கேட்டாரு. இல்லதான். எல்லாரும் தலையாட்டுனாங்க.

“அதெல்லாம் இருக்கட்டும் மாமா,” அப்படின்னா செண்பகவல்லி. “எனக்கு மூச்சுதான் கணக்கு.”

இடுப்புல கைய வச்சு நிமுந்து நின்னா. நாப்பது பேரும் வாயை மூடிட்டாங்க. பூதத்தான் தன் மூச்சையும் அடக்கிக்கிட்டான்.

ஒண்ணு இழுத்தா. ரெண்டு. மூணு. மேக்க இருந்து காத்து சும்மா சிலுசிலுன்னு அடிச்சுக்கிட்டிருந்துச்சு. சுத்தி நாலு பக்கமும் செவுரு கிடையாது, கூரை கிடையாது, அடுப்பு கிடையாது. ஆறு. ஏழு. பூதத்தானுக்கு முகம் நீலம் பாரிச்சுருச்சு. ஒன்பது. பத்து.

நெஞ்சுல ஒரு சத்தம் இல்ல.

செண்பகவல்லி இன்னொண்ணும் இழுத்தா, கணக்குக்கு இல்ல, ஆசைக்கு. கண்ணுல தண்ணி வந்துருச்சு. “மாமா, எத்தனை வீடு ஏறி எறங்கியிருக்கேன். ஒரு வீட்டுலயும் இப்படி மூச்சு வந்ததில்ல. வீடுன்னா இப்படி இருக்கணும்.”

பூதத்தான் அப்பதான் மூச்சு விட்டான். விட்டதும் மயங்கி விழுந்தான். அவன்மேல தண்ணி தெளிச்சு, அம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி தாலியைக் கையில குடுத்து கட்ட வச்சாங்க.

*

தாலி கட்டி எல்லாரும் புது வீட்டுக்குத் திரும்பி வந்தாங்க. ஆரத்தித் தட்டு ரெடி. குருசாமி தொண்டையைச் செருமிக்கிட்டாரு.

“எம்மா, வலது காலை எடுத்து வச்சு வீட்டுக்குள்ள வா.”

செண்பகவல்லி வலது காலைத் தூக்குனா. தூக்குன கால் அப்படியே நின்னுச்சு.

“வாசப்படி எங்க மாமா?”

“கொத்தனாரே, வாசப்படி எங்கவே?”

கொத்தனாரு பொட்டலை அந்தப் பக்கம் பாத்தாரு, இந்தப் பக்கம் பாத்தாரு. “வீடு இங்கனதான். ஓரம் தெரியக் கோடு போட்டிருந்துச்சு. அதைத் தோண்டிட்டோம்.”

“அந்தப் பந்தல் வீட்டு மேலதான இருக்கு?” அப்படின்னாரு குருசாமி.

“நான் பந்தல் போடும்போது பேனலைத்தான் பாத்தேன்,” அப்படின்னான் மரியசெல்வம். “வீட்டைப் பாக்கல.”

குருசாமிக்கு வேர்த்துருச்சு. “தெரியாத்தனமா எடது கால் முதல்ல உள்ள பட்டுருச்சுன்னா குடும்பம் வெளங்குமாவே?”

பெரிய ஆலோசனை. வாசல் எங்கன்னு தெரியாத வரைக்கும் எல்லா எடமும் வாசல்தான்னு முடிவாச்சு. அதனால எடது கால் தரையில எங்கயுமே படக்கூடாது. செண்பகவல்லியை ஒரு நாற்காலியில உக்கார வச்சாங்க. வலது காலை மட்டும் முன்னாடி ரயில்வே கேட்டுக் கம்பு மாதிரி நீட்டச் சொன்னாங்க. பூதத்தான், கொத்தனாரு, மரியசெல்வம், பிச்சைக்கண்ணு நாலு பேரும் நாலு காலைப் பிடிச்சுத் தூக்குனாங்க.

“நிறுத்துங்கவே!” குருசாமி கத்துனாரு. “மாப்பிள்ள எடது கால் முன்னாடி போகுது பாரும்!”

உண்மைதான். நாலு பேரும் எடது காலை மடக்கிக்கிட்டாங்க. வலது காலால நொண்டியடிச்சு, நாற்காலியைத் தூக்கிக்கிட்டு, பொட்டலுக்குக் குறுக்கால போனாங்க. பின்னாடி சம்பந்தி வீட்டு ஆளுங்க நாப்பது பேரும் அதே மாதிரி நொண்டிக்கிட்டே வந்தாங்க, சீர்வரிசைத் தட்டோட. நாதஸ்வரக்காரருக்கு மட்டும் ஒத்தக் கால்ல தாளம் நிக்கல. மேடம் முதல்ல நடந்துதான் வந்தாங்க. எல்லாரும் பாக்குறாங்களேன்னு அப்புறம் அவங்களும் ஒரு காலை மடக்கிக்கிட்டாங்க.

பந்தலைத் தாண்டி, கம்பத்தைத் தாண்டி, நாப்பதடி போயி நாற்காலியை எறக்குனாங்க. எல்லாரும் மூச்சு வாங்கிக்கிட்டு நின்னாங்க. செண்பகவல்லி காலை மடக்காம கேட்டா.

“இப்ப நான் உள்ள இருக்கனா? இல்ல, உள்ள போயி அந்தப் பக்கமா வெளிய வந்துட்டனா?”

பூதத்தான் கொத்தனாரைப் பாத்தான். கல்யாணம் ஆன முதல் நாளே பொண்டாட்டி வெளிய நிக்கிறாளோன்னு அவனுக்குப் பயம்.

கொத்தனாரு வானத்தைப் பாத்தாரு. மேக்க கருத்துக்கிட்டு வந்துச்சு.

“பதறாதீங்க. மழை வரப்போகுது. நனைஞ்சா வெளிய. நனையலன்னா உள்ள. இதுல மறுபேச்சே கிடையாது.”

அட, ஆமால்லன்னு எல்லாருக்கும் நிம்மதியாச்சு. நாப்பது பேரும், நாதஸ்வரமும், பொண்ணும் மாப்பிள்ளையும் வரிசையா உக்காந்து வானத்தைப் பாத்தாங்க. முதல் சொட்டு குருசாமி மூக்குல விழுந்துச்சு. அவரு அதைத் துடைச்சுக்கிட்டாரு, ஒரு சொட்டை வச்சு தீர்ப்பு சொல்லக்கூடாதுன்னு. ரெண்டாவது சொட்டு விழுறதுக்குள்ள மேடம் பையில இருந்து குடையை எடுத்து டப்புன்னு விரிச்சாங்க.

“மேடம்!” நாலு பேரும் ஒரே குரல்ல அலறுனாங்க. “மடக்குங்க, மடக்குங்க!”

“ஏன்? மழை பெய்யுதுல்ல?”

கொத்தனாரு எந்திரிச்சு, பொறுமையா, சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னாரு. “நீங்க குடைக்குள்ள நனைய மாட்டீங்க தாயி. நனையலன்னா நீங்க வீட்டுக்குள்ள இருக்கீங்கன்னு ஆயிரும். பக்கத்துல உக்காந்திருக்கிற பொண்ணு நனைஞ்சு வெளிய போயிரும். ஒரே எடத்துல ஒருத்தர் உள்ள, ஒருத்தர் வெளியன்னா கணக்கு குழம்பிரும்லா? குடை பிடிக்கணும்னா தயவுசெஞ்சு வெளிய போயிப் பிடிங்க.”

எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க. மேடத்துக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. குடையை மடக்கி எந்திரிச்சாங்க. ரெண்டு எட்டு வச்சாங்க, வலது காலை முதல்ல வச்சு. அப்படியே நின்னாங்க. கீழ குனிஞ்சு பாத்தாங்க, சுத்திப் பாத்தாங்க.

“அண்ணாச்சி,” அப்படின்னாங்க மெதுவா, “வெளிய எந்தப் பக்கம்?”